கொக்கோ ஸ்டோரில் ஊறிய கடல்

1961ஆம் ஆண்டு ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பிற்பகல் தேநீர் பரிமாறிக்கொண்டிருந்த வேளையில், உக்குவளையில் இத்ரூஸ் ஹாஜியாரின் கொக்கோ ஸ்டோருக்குள் கடல் ஊறியது. மாத்தளை மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. எந்தப் பக்கமாகப் போனாலும் மலை இறங்கி, ரயிலோ பஸ்ஸோ மாறித்தான் கடலைப் பார்க்க வேண்டும். ஊரில் பாதிப் பேர் அதைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் வந்தது கடல்தான் என்பதில் யாருக்கும் ஐயம் இருக்கவில்லை. ருசி பார்த்தவர்கள் துப்பினார்கள். சீமெந்துத் தரையில் நுரை நின்றது. தபால் அதிபர் தமது சப்பாத்தைக் கழற்றிக் கவிழ்த்தபோது அதிலிருந்து ஒரு சிப்பி விழுந்தது. அந்த வாரம் கொக்கோ விலை சற்று இறங்கியிருந்தது. மழை வழக்கம்போலப் பெய்திருந்தது. மற்றபடி ஊரில் விசேஷம் ஒன்றும் இல்லை.

அன்று அங்கே கூடியிருந்தது மாத்தளை ஆப்பிரிக்க நேசக் கழகம். அதைத் தொடங்கியவர்கள் இரண்டு பேர். ஒருவர் இத்ரூஸ் ஹாஜியார். உக்குவளையிலும் பலாபத்வலையிலும் கொக்கோவும் மிளகும் ஜாதிக்காயும் வாங்கிக் கொழும்புக்கு அனுப்புகிறவர். மற்றவர் கபிரியேல் மாஸ்டர். வஹகோட்டையில் பிறந்து உக்குவளையில் ஆங்கிலம் படிப்பித்தவர். 1957இல் கானா சுதந்திரம் பெற்ற செய்தியை இருவரும் ஹாஜியாரின் ரேடியோவில் சேர்ந்து கேட்டார்கள். அந்த நாட்டில் கொக்கோ நன்றாக விளைந்தால் உக்குவளையில் விலை விழும். அங்கே மரத்துக்கு நோய் வந்தால் இங்கே விலை ஏறும். ஹாஜியார் ரேடியோவை அணைத்தார். "இவ்வளவு காலமா அந்த மனுசர்ட நல்லது கெட்டதுலதான் நான் சோறு திங்கிறேன் மாஸ்டர். ஒருத்தர்ட முகமும் எனக்குத் தெரியாது" என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு கழகம் தொடங்கியது. இலாப நோக்கம் இல்லாத சங்கம் என்று பலகையில் எழுதி மாட்டினார்கள். கொக்கோ வியாபாரி நடத்துகிற சங்கத்தில் இலாபம் இல்லையாம் என்று தேநீர்க் கடையில் ஒரு மாதம் சிரித்தார்கள். பிறகு, சிரிக்க வேறு விஷயம் கிடைத்தது.

கழகம் உண்மையாகவே உழைத்தது. ஸ்டோரின் ஒரு சுவரில் கபிரியேல் மாஸ்டர் ஆப்பிரிக்காவை முழுதாகத் தீட்டினார். ஒவ்வொரு நாடும் விடுதலை பெறப் பெற அதற்குப் பச்சை நிறம் பூசினார். 1960இல் பச்சை தீர்ந்துபோய், கண்டிக்கு ஆள் அனுப்பிப் பெயின்ட் வாங்க வேண்டி வந்தது. பிள்ளைகள் மகாவலியைச் சொல்லத் தடுமாறினாலும் நைகரை ஊற்றிலிருந்து கழிமுகம் வரை சொன்னார்கள். அக்கரையில் உள்ள ஆப்பிரிக்கப் பாடசாலைகளுக்கு ஏலமும் கராம்பும் சிறு பொதிகளாகக் கப்பலில் போயின. அங்கிருந்து மரச் சீப்பும் பாசிமணியும் வந்தன. எல்லாம் நன்றாகவே நடந்தது. அதில் இருந்த ஒரே பிழை யார் கண்ணிலும் படவில்லை. கபிரியேல் மாஸ்டரின் மனைவி டொறீன் மட்டும் அதை அறிந்திருந்தாள்.

டொறீன் சிலாபத்துப் பெண் என்று மாஸ்டரின் சொந்தக்காரர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. அவள் புத்தளத்துப் பக்கம் உள்ள காப்பிரிக் கிராமம் ஒன்றில் பிறந்தவள். போர்த்துக்கீசர் காலத்திலும் அதற்குப் பிறகும் ஆப்பிரிக்காவிலிருந்து படையாட்களாகவும் அடிமைகளாகவும் கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்டவர்களின் வழி வந்தவர்கள் அங்கே இருந்தார்கள். கல்யாணத்துக்கு முன்பு மாஸ்டர் கேட்ட ஒரே உதவி, அந்த ஊர்ப் பெயரைச் சொல்ல வேண்டாம் என்பதுதான். அவள் ஒத்துக்கொண்டாள். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் பூசைக்குப் போகும்முன் சூடான கம்பியால் தன் சுருள்முடியை நீட்டினாள். கழகம் தொடங்கிய பிறகும் நீட்டினாள். கணவன் சுவர் முழுக்க ஆப்பிரிக்காவைத் தீட்டிக்கொண்டிருந்தபோது பெயின்ட் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றவளும் அவள்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கழக விழாவுக்குக் கோஜோ அசாரே என்ற இளைஞர் வந்தார். கானாக்காரர். பேராதனையில் விவசாயம் படித்துக்கொண்டிருந்தார். உக்குவளை கண்ணால் கண்ட முதல் ஆப்பிரிக்கர் அவர்தான் என்று ஊர் நினைத்தது. ஊர் அதிகாரியான விதானை வந்தார், தபால் அதிபர் வந்தார், தோட்டத்துக் கணக்கப்பிள்ளைகள் வந்தார்கள். முன் வரிசையில் கம்பளை மஸீஹா உம்மாவும் அவருடைய மகன் யாகூபும் இருந்தார்கள். யாகூபுக்கும் ஹாஜியாரின் ஒரே மகள், தாயில்லாப் பிள்ளை ஸுலைஹாவுக்கும் நிகாஹ் பேசி முடிவாகியிருந்தது. மஸீஹா உம்மாவின் குடும்பம் யெமன் நாட்டு வியாபாரியின் வழி வந்தது. அதை அவர் பந்திக்குப் பந்தி சொல்வார். ஹாஜியாரும் தம் குடும்பத்தைப் பற்றி அப்படியே நம்பியிருந்தார். சம்பந்தம் பேசியபோது யெமனில் இரண்டு வீடும் அடுத்தடுத்த தெருவில் இருந்திருக்கலாம் என்றுகூட முடிவாகியிருந்தது.

தேநீர் வந்தபோது விருந்தாளி சுவர்ப் படத்தைப் பார்த்துவிட்டு, மிகுந்த மரியாதையோடு ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டார். கபிரியேல் மாஸ்டர் அதைத் தமிழில் சொன்னார்: "இந்தத் தீவில் எங்கள் ஆட்கள் யாரும் இல்லையா?" ஹாஜியார் மனத்தில் கள்ளம் இல்லாமல், "அப்படி ஒருத்தரும் இல்ல தம்பி. அதுக்குத்தானே இவ்வளவு தூரம் கப்பல்ல பொதி அனுப்பி உங்களத் தேடினோம்" என்றார். இனி மாஸ்டர் அதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். அவருக்குப் பின்னால் தட்டோடு டொறீன் நின்றாள். மாஸ்டர் தொண்டையைச் செருமினார். பிறகு, "நோ, மிஸ்டர் அசாரே. நோபடி" என்றார்.

டொறீன் தட்டை மேசையில் வைத்தாள். ஒரு கோப்பைகூடத் தளும்பவில்லை. "அப்ப நான் யாரு?" என்று தமிழில் கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் பாடத் தொடங்கினாள். தன் தாய் உரலிடிக்கும்போது பாடிய பாட்டு அது. பழைய போர்த்துக்கீசச் சொற்களும் அதைவிடப் பழைய சொற்களும் கலந்தது. அவளுக்கே பாதிக்குமேல் பொருள் தெரியாது. மேசையில் விரல்களால் தாளம் போட்டாள். மூன்றாவது அடியில் அவள் பாதத்தைச் சுற்றிச் சீமெந்து கறுத்தது. பிறகு, தண்ணீர் ஊறியது. யாரோ கோப்பையைக் கொட்டிவிட்டதாகவே முதலில் எல்லோரும் நினைத்தார்கள். விதானை எழுந்து வேட்டியை உயர்த்திப் பார்த்தார். அவர் காலடியிலும் தண்ணீர். தபால் அதிபர் காலடியில். கணக்கப்பிள்ளை ஒருவரின் காலடியில். இளம்பெண்கள் இருந்த திரைக்குப் பின்னால் கூச்சல். கடைசியில், எழுந்து கையை உயர்த்தி எல்லோரையும் அமைதிப்படுத்த முயன்ற இத்ரூஸ் ஹாஜியாரின் காலடியில், மற்ற எல்லோருக்கும் ஊறியதைவிட அதிகமாக, நுரையோடு ஊறியது. அவர் தம் பாதங்களை வேறு யாருடையவோ பாதங்களைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

கோஜோ அசாரேயின் காலடி உலர்ந்தே இருந்தது. மக்கள் அதைத்தான் தாங்க முடியாமல் பார்த்தார்கள். அவரும் தம் சப்பாத்துகளை மாறி மாறித் தூக்கிப் பார்த்தார். பாட்டு முடிந்ததும் டொறீனிடம் சென்று தலை தாழ்த்தினார். தம் முன்னோர் யாரும் கப்பலேற்றப்படவில்லை, தாமே முதன்முதலாக, அதுவும் விமானத்தில் கடல் தாண்டியவர், அதனால்தான் தமக்கு ஊறவில்லை என்று மெதுவாகச் சொன்னார். மாஸ்டர் அதை மொழிபெயர்க்க முயன்று பாதியில் நிறுத்திவிட்டார். ஸ்டோரில் மூட்டை தூக்கும் இருளாண்டி வாசலில் நின்று தன் வறண்ட காலைத் தட்டிப் பார்த்தான். "எங்க பாட்டனும் இந்தியாவுல இருந்து கடல் தாண்டித்தாங்க வந்தாரு மொதலாளி. எனக்கு ஒரு சொட்டு இல்லியே?" என்றான். டொறீன், "உங்க கடல் வேற இருளாண்டி. அதுக்கு வேற பாட்டு இருக்கும்" என்றாள். சிரித்தது அவர்கள் இருவர் மட்டும்தான்.

அதன் பிறகு ஊரில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. எல்லோரும் காலைப் பார்த்தார்கள். பரம்பரை பரம்பரையாக வெறுங்காலோடு நடந்தவர்கள் சப்பாத்துத் தேடினார்கள். விதானை வீட்டில் அவருடைய அண்ணன் தம்பிகள் ஒருவர் மாற்றி ஒருவர் வந்து, அது தாய்வழி வந்ததா தந்தைவழி வந்ததா என்று சண்டை பிடித்தார்கள். மாஸ்டர் வீட்டில் டொறீன் சோற்றை வைத்துவிட்டு ஒரு வார்த்தையும் பேசாமல் அடுப்படிக்குப் போனாள். மழைக்காலம் முடியும்வரை அப்படியே நடந்தது. முடியை மட்டும் அவள் பிறகு நீட்டவில்லை.

மஸீஹா உம்மா அடுத்த வாரமே வந்தார். வாசலில் நின்று தம் கால்களைப் பார்த்துக்கொண்டார். விழா அன்று அவருக்கு ஊறவில்லை. "இத்ரூஸ் நானா, நான் பேச்ச முறிக்க வரல்ல. அல்லாஹ்வுக்காகச் சொல்றேன், பிள்ளையில ஒரு கொறையும் இல்ல. ஆனா அந்தச் சங்கத்த மூடணும். அந்தப் பொம்புள பாடக் கூடாது. கல்யாணத்துக்கும் வரக் கூடாது. பாட்டு இல்லாட்டி தண்ணி இல்ல. தண்ணி இல்லாட்டி எல்லாரும் மறந்துடுவாங்க."

ஹாஜியார் சரி என்றார். அவரை யாரும் குறை சொல்ல முடியாது. ஸுலைஹாவின் மனம் யாகூபிடம் இருந்தது அவருக்குத் தெரியும். நிகாஹ் முறிந்தால், கால் நனைந்தவரின் மகளை வேறு யார் கேட்டு வருவார்கள் என்பதும் அவருக்கு ஓரளவு தெரிந்திருந்தது. கழகத்தை மூடினார். பலகையைக் கழற்றியபோது கபிரியேல் மாஸ்டர் வந்து மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டார். "இல்லன்னு இங்கிலீஸ்ல சொன்னது என் வாய்தான், ஹாஜியார். தெரிஞ்சே சொன்னேன்" என்றார். "தெரியாமச் சொன்னவன் நான் மட்டும் நல்லவனா? என்ட காலையே எனக்குத் தெரியல்ல" என்றார் ஹாஜியார். இருவரும் பலகையை மூட்டைகளுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார்கள்.

ஊரில் கல்யாண உடுப்புத் தைக்க டொறீனை விட்டால் ஆள் இல்லை. அதனால், கல்யாணத்துக்கு வரக் கூடாதவளே கல்யாணச் சட்டையைத் தைத்தாள். அளவு பார்க்கும்போது ஸுலைஹா, "டொறீன் ஆன்ட்டி, அன்டைக்கு எனக்கும் ஊறினது. திரைக்குப் பின்னால" என்றாள்.

"தெரியும் மகள். கைய மேல தூக்கு."

"எல்லாரும் கத்தினாங்க. எனக்குப் பயமா இல்ல. சூடா இருந்திச்சு. யாரோ காலப் பிடிச்ச மாதிரி."

டொறீன் வாயில் இருந்த குண்டூசிகளை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். "இதையெல்லாம் மாமி வீட்டுல சொல்லிடாத. நான் இவ்வளவு காலம் சிலாபம், சிலாபம்னே சொன்னேன். ஒண்ணும் ஆகல்ல. நல்ல புருசன், நல்ல வீடு. கேட்டா நீ யெமன்னு சொல்லு, முடிஞ்சுது."

"முடிஞ்சுதா?"

டொறீன் தையலைப் பிரித்து மறுபடியும் தைத்தாள். ஆனால் அன்று மாலை, கதவைச் சாத்திக்கொண்டு, குரலை எழுப்பாமல் அந்தப் பாட்டை முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை சொல்லிக்கொடுத்தாள். இருவரின் காலும் நனைந்தது. துணியை மேசைமேல் எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

நிகாஹ் 1962 தை மாதத்தில் ஹாஜியார் வீட்டில் நடந்தது. மாப்பிள்ளை துருக்கித் தொப்பியோடு வந்தார். மணமகளின் தம்பி வாசலில் மாப்பிள்ளையின் காலைக் கழுவி மோதிரம் வாங்குவது வழக்கம். ஸுலைஹாவுக்குத் தம்பி இல்லை. கழுவாத காலோடு மாப்பிள்ளை உள்ளே போவது நல்ல சகுனமில்லை என்று மஸீஹா உம்மா முணுமுணுத்தார். ஆண்கள் பாயில் உட்கார்ந்தார்கள். ஹாஜியாரும் மௌலவியும் சாட்சிகளும் உள்ளறை வாசலுக்குப் போய், திரைக்கு இப்பால் நின்று, யாகூபுக்கு நிகாஹ் செய்து கொடுக்க அனுமதி தருகிறாயா என்று மணமகளிடம் கேட்டார்கள். கன்னிப்பெண்ணின் மௌனமே சம்மதம். அந்தக் கேள்விக்கு எந்தப் பெண்ணும் வாய் திறந்து பதில் சொன்னதை உக்குவளை கேட்டதில்லை. இரண்டு மூச்சு விடும் நேரம் பொறுத்துவிட்டுத் திரும்பி வருவதுதான் பழக்கம். அவர்கள் திரும்பக் காலெடுத்தபோது, உள்ளே ஸுலைஹா பாடத் தொடங்கினாள்.

திரைக்கு அடியிலிருந்து தண்ணீர் வழிந்தது. ஹாஜியாரின் காலடியில் ஊறியது அதோடு சேர்ந்தது. பாய்கள் மிதந்தன. விதானை இந்த முறை எழுந்து நிற்கவில்லை. சப்பாத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, வெறுமனே உட்கார்ந்திருந்தார். மௌலவிக்குத் தண்ணீரைவிடச் சட்டம்தான் பெரிய கவலையாக இருந்தது. மௌனம் சம்மதம், புன்னகையும் சம்மதம், அழுகையைப் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. பாட்டைப் பற்றி எந்தக் கிதாபிலும் அவர் படித்ததில்லை. நீண்ட நேரம் தாடியைத் தடவிவிட்டு, "மகள், இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டார்.

"சம்மதம்" என்றாள் ஸுலைஹா. எல்லோருக்கும் கேட்டது. "இந்தத் தண்ணியோட சேத்துத்தான் சம்மதம். பொறகு தெரியாதுன்னு சொல்லக் கூடாது."

மஸீஹா உம்மா பெண்கள் பக்கத்திலிருந்து, "எழும்பு மகன். போவோம்" என்றார். யாகூப் எழுந்தார். எல்லோரும் அவருக்கு வழி விட்டார்கள். அவர் உட்கார்ந்திருந்த பாய் மட்டும் உலர்ந்திருந்தது. அதைச் சுற்றி நாலாபுறமும் நுரை தட்டிக்கொண்டிருந்தது. அவர் காலுறைகளைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார். பாதத்தைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்.

"உம்மா, எனக்கு ஒண்ணும் ஊறல்லியே" என்றார். ஏமாற்றத்தை மறைக்க அவரால் முடியவில்லை. பிறகு, பாயிலிருந்து இறங்கி, திரைக்கடியிலிருந்து வந்த தண்ணீரில் கணுக்கால் நனைய நின்றார். "கால் கழுவ ஆள் இல்லன்னு சொன்னீங்க. இப்ப கழுவியாச்சு" என்று சொல்லிவிட்டு மௌலவியைப் பார்த்தார். நிகாஹை ஏற்றுக்கொள்ளும் வார்த்தையை அப்படியே நின்றபடி சொன்னார். பெண்கள் குரவையிட்டார்கள். மஸீஹா உம்மாவின் காலடி கடைசிவரை உலர்ந்தே இருந்தது. அவர் இத்தனை காலம் சொல்லிவந்தது உண்மை என்று அன்றைக்குத்தான் ஊருக்கு உறுதியாகத் தெரிந்தது. ஆனால் அதை யாரும் அவரிடம் கேட்கவில்லை. அவர் ஒரு நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, சேலை நனையாமல் பிரியாணி சாப்பிட்டார்.

தண்ணீர் வடிவதற்குள் கபிரியேல் மாஸ்டர் ஓடிப்போய், தங்கள் வீட்டு வாசலில் சும்மா நின்றுகொண்டிருந்த டொறீனின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். சபை நடுவில் அவளை நிறுத்தி, "இவங்க என் வைஃப். புத்தளத்துக் காப்பிரி" என்றார். டொறீன், "இப்ப சொல்லி என்ன? எல்லாருக்கும் தெரியுமே" என்றாள். கழகம் அடுத்த மாதம் மறுபடியும் திறந்தது. டொறீன் தலைவரானாள். சுவர்ப் படத்துக்குப் பக்கத்தில் இலங்கையையும் தீட்டினார்கள். அதற்கு என்ன நிறம் பூசுவது என்று இரண்டு கூட்டங்களில் வாதிட்டு, பூசாமலே விட்டார்கள். கிறிஸ்மஸுக்கு டொறீனின் அண்ணன்மாரும் மதினிமாரும் புத்தளத்திலிருந்து வந்து ஸ்டோரில் ஆடினார்கள். அந்த நாட்களில் மட்டும் கொக்கோ மூட்டைகளை நனையாமல் பலகைகள்மேல் அடுக்க இருளாண்டிக்குச் சொல்லப்பட்டது.

யாகூப் உக்குவளையிலேயே தங்கி, மாமனாரின் வியாபாரத்தைப் பார்த்தார். எழுபதுகளில், அரிசிக்கும் மாவுக்கும் வரிசையில் நின்ற வருஷங்களில், மீன் லொறி ஊருக்கு வராத நாட்கள் அதிகம். அப்படியான நாட்களில் ஸுலைஹா பின்கட்டில் நின்று பாடுவாள். யாகூப் பன்புல் கூடையோடு அவள் காலடியில் குந்தியிருப்பார். சில நாள் சூடை மீன் கிடைத்தது. சில நாள் வெறும் பாசிதான் வந்தது. பாசி வந்த நாட்களில் பருப்பு ஆக்கினார்கள்.